முகூர்த்தம் எழுதும் புள்ளிவிவரம்

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. வாசலில் வாழைமரம், முகப்பில் மணமக்களின் ஆளுயர ஃப்ளெக்ஸ், உள்ளே பந்திக்கு இடம்பிடிக்கும் கூட்டம். பத்திரிகையில் தாலி கட்டும் நேரத்தை நிமிடக் கணக்கோடு அச்சடித்திருப்பார்கள். பத்திரிகையில் அச்சேறாத இன்னொரு நேரமும் உண்டு. பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் குறித்து வைத்திருக்கும் சாந்தி முகூர்த்தம். அந்த இரவுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் முதலிரவு.

அந்தப் பெயரிலேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: இதற்கு முன் இருவருக்கும் எதுவும் இல்லை என்பது. ஊர் அதைக் கேள்வி கேட்பதில்லை. கேட்பது அறிவியலின் வேலை. ஒரு சமூகத்தில் எத்தனை பேர், எந்த வயதுவரை, பாலுறவு அனுபவம் இல்லாமல் இருக்கிறார்கள்? நாட்டுக்கு நாடு அந்த எண் ஏன் மாறுகிறது? பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதையும் நடக்காததையும் எப்படித்தான் எண்ணுகிறார்கள்?

முதலில் சொல்லைப் பார்க்கலாம். பெண்ணுக்குக் ‘கன்னி’ என்ற சொல் இருக்கிறது. ஆணுக்கு? ‘கட்டை பிரம்மச்சாரி’ என்போம். அதற்குக் கல்யாணம் ஆகாதவன் என்பதுதான் பொருள். இப்போதைய மீம் உலகம் ‘முரட்டு சிங்கிள்’ என்கிறது. ‘90ஸ் கிட்ஸ்’ என்று சொல்லிச் சிரிக்கிறது. முப்பத்தைந்தைத் தொட்டும் பெண் அமையாத ஆண்களின் சோகத்தைக் கேலியாக்கிய பெயர் அது. இந்த மூன்று பெயர்களிலும் அளவுகோல் கல்யாணம்தான். பேச்சுத் தமிழ் இப்படிப் பாலுறவையும் கல்யாணத்தையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. பழந்தமிழ் இலக்கணம் அப்படிச் செய்யவில்லை. தொல்காப்பியம் களவியல் என்று ஓர் இயலும் கற்பியல் என்று வேறோர் இயலும் வைத்து, திருமணத்துக்கு முந்தைய காதலையும் பிந்தைய வாழ்வையும் தனித்தனியே வகுத்துப் பேசியது.

கேட்க வைத்தது ஒரு கிருமி

பாலுறவு அனுபவம் பற்றிய கேள்வியை இந்தியாவில் அரசு ஆய்வுகள் தயக்கமின்றிக் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் எச்.ஐ.வி. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்துதான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நோய் எப்படிப் பரவும் என்று கணிக்க வேண்டுமானால், யார் எந்த வயதில் உறவைத் தொடங்குகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

1992–93இல் தொடங்கிய தேசிய குடும்ப நல ஆய்வு, 2005–06இல் மூன்றாம் சுற்றுக்கு வந்தபோது நாடு முழுவதும் ஆண்களையும் பேட்டி கண்டது, எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான் இதை நடத்துகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயதுவரையுள்ள 7,24,115 பெண்களும் 15 முதல் 54 வயதுவரையுள்ள 1,01,839 ஆண்களும் பதில் சொன்னார்கள்.

இந்த ஆய்வில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனி அறிக்கைகள் உண்டு. பதினெட்டுக்கு முன் மணமான பெண்கள், இரத்தசோகை, பிரசவம் என்று பலவும் அவற்றில் இருக்கும். பாலுறவு பற்றிய எண்கள் மட்டும் இருக்காது. அந்தக் கேள்விகளை எல்லா வீடுகளிலும் கேட்பதில்லை. தேர்ந்தெடுத்த வீடுகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தில்தான் கேட்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்குள் அது மிகச் சிறிய கூட்டம். அதிலிருந்து சதவீதம் எடுத்தால், ஒரு குத்துச் சின்ன வெங்காயத்தை அள்ளிப் பார்த்துவிட்டு மொத்த லாரிக்கும் விலை சொன்ன கதையாகிவிடும். ஆகவே மாநிலத்துக்கு மட்டும் கணக்கிடுகிறார்கள். மாவட்ட நிலவரத்தை வேறு எண்களின் வழியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பின்னர் பார்ப்போம்.

திண்ணையில் ஒரு பேட்டி

பேட்டி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெண்ணிடம் பெண்தான் கேட்பார், ஆணிடம் ஆண். ஆனால் கிராமத்து வீட்டில் தனிமை என்பது அரிய பொருள். திண்ணையில் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா ‘என்ன கணக்கெடுக்கிறாங்க?’ என்று எட்டிப் பார்ப்பார். அந்த நடுவில் ‘முதன்முதலில் உறவு கொண்டபோது உங்களுக்கு என்ன வயது?’ என்று கேட்க வேண்டும். ‘ஒருபோதும் இல்லை’ என்ற பதிலுக்கும் படிவத்தில் இடம் உண்டு. இந்த வகை ஆய்வுகளின் தரவுத் தொகுப்பில் ‘முதல் மணவாழ்க்கை தொடங்கியபோது’ என்பதற்கென்றே தனியாக ஒரு குறியீடு இருக்கிறது. வயதைச் சொல்லாமல் ‘கல்யாணத்தப்பதான்’ என்று முடித்துக்கொள்பவர்கள் உலகெங்கும் அவ்வளவு பேர்.

சொல்வது உண்மைதானா என்று சோதிக்க உடலில் வழி இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கன்னித்தன்மையைக் கண்டறியும் மருத்துவப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் பிற அமைப்புகளும், இத்தகைய சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்றன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய சோதனைகளில் ஒன்றான இருவிரல் சோதனையைத் தமிழகத்தில் உடனே தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதை உறுதிசெய்தது. ஆக, நமக்குக் கிடைப்பது வாய்ச்சொல் மட்டுமே.

வாய்ச்சொல் எவ்வளவு தூரம் தாங்கும்? 2006–07இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அதே மும்பை நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து இளைஞர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தின. ஐம்பதாயிரம் பேருக்கு மேல். திருமணத்துக்கு முன் உறவு இருந்ததாகச் சொன்னவர்கள், ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம். நேருக்கு நேர் கேட்டதோடு நிறுத்தாமல், ஒரு சீட்டில் குறியிட்டு உறையில் ஒட்டித் தரும் வழியையும் அந்த ஆய்வில் வைத்திருந்தார்கள்.

பதினைந்துக்கும் நான்குக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி எப்படி வரும்? ஓர் உறவுக்கு இருவர் வேண்டுமே! ஆண்கள் கூட்டிச் சொல்லியிருக்கலாம், பெண்கள் மறைத்திருக்கலாம். சில ஆண்களின் துணை, மணமான பெண்ணாகவோ பாலியல் தொழிலாளியாகவோ இருந்திருக்கலாம். குறைந்த எண்ணிக்கையிலான பெண்கள் நிறைய ஆண்களின் கணக்கில் வந்திருக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்பதைப் பிரிப்பதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

தலைவலிக்கு ஓர் அழகான மருந்தை 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் சொன்னார். பின்னர் பலர் அதை எளிமையாக்கினார்கள். அப்படியொரு வடிவம் இது. ஆயிரம் பேர் கையில் ஆளுக்கொரு நாணயம். மறைவில் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘ஆம்’ என்றவர் நாணயத்துக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டத்தின் உண்மை தெரிந்துவிடும். 560 பேர் ‘ஆம்’ என்றால், அதில் சுமார் 500 நாணயத்தின் கணக்கு. மிச்சம் 60. பூ விழுந்த 500 பேரில் 60 பேர். அதாவது 12 சதவீதம். தனி ஆளின் மானமும் காப்பாற்றப்பட்டது, ஊரின் உண்மையும் கிடைத்துவிட்டது.

‘இன்னும் இல்லை’யும் ‘என்றும் இல்லை’யும்

அடுத்த சிக்கல் காலம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணினால் அவர்கள் ‘பஸ் கிடைக்காதவர்கள்’ ஆகிவிடுவார்களா? பெரும்பாலானோர் ஆறரைக்குள் ஏறிப் போய்விடுவார்கள். இருபது வயதில் அனுபவம் இல்லாதவர் ‘இன்னும் இல்லை’ வகை. ஐம்பதிலும் இல்லாதவர் வேறு. இரண்டையும் ஒரே சதவீதத்தில் கொட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் ஆய்வாளர்கள் இடைநிலை வயது என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு கூட்டத்தில் சரிபாதிப் பேர் எந்த வயதுக்குள் முதல் அனுபவத்தைக் கடந்தார்கள் என்ற கணக்கு. இந்தியாவில் 25 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுக்கு அது சுமார் 19. ஆண்களுக்கு இருபதுகளின் நடுவை ஒட்டி வருகிறது. இதே கூட்டத்தின் திருமண இடைநிலை வயதைப் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் ஓராண்டு வித்தியாசம்கூட இல்லை. நம் நாட்டில் இந்த எண் யாருடைய ஒழுக்கத்தையும் அளக்கவில்லை. அது கல்யாணத் தேதியின் நிழல்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஐந்தாறு வருட வித்தியாசமும் அந்த நிழலில் விழுந்ததுதான். மாப்பிள்ளை நான்கைந்து வயது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் இருபத்திரண்டு வயதில் பெண்களில் பெரும்பாலோர் மணவாழ்க்கையில் இருக்க, அதே வயது ஆண்களில் பெரும்பாலோர் ‘இன்னும் இல்லை’ வரிசையில் நிற்கிறார்கள். பிரிட்டனில் 1999–2001இல் நடந்த தேசிய ஆய்வில் இளம் ஆண், பெண் இருவருக்கும் இடைநிலை வயது 16. அங்கே கணக்கைக் கல்யாணம் தீர்மானிக்கவில்லை, இடைவெளியும் இல்லை. 2006இல் லான்செட் இதழில் கே வெல்லிங்ஸும் சக ஆய்வாளர்களும் 59 நாடுகளின் தரவுகளை அலசினார்கள். ‘உலகம் முழுக்க இளசுகள் சீக்கிரம் கெட்டுப்போகிறார்கள்’ என்ற புலம்பலுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பல நாடுகளில் கல்யாணம் தள்ளிப்போவதால் பெண்களின் முதல் அனுபவமும் தள்ளிப்போகிறது என்றே தெரிந்தது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 25–49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், 15 வயதுக்கு முன்பே உறவு தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார். அதன் பின்னால் நிற்பது பெரும்பாலும் குழந்தைத் திருமணம். ஐந்தாம் சுற்று ஆய்வின்படி 20–24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானவர்கள் நாட்டில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. ‘அனுபவமின்மை’ உயர்வது சில இடங்களில் நல்ல செய்தி. ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று அதற்குப் பொருள்.

ஜப்பானின் 42 சதவீதம்

சில ஆண்டுகளுக்கு முன் ‘ஜப்பான் இளைஞர்களில் பாதிப்பேருக்கு அனுபவமே இல்லை’ என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 2015ஆம் ஆண்டின் அரசு ஆய்வில் 18–34 வயது ஆண்களில் 42 சதவீதமும் பெண்களில் 44.2 சதவீதமும் அனுபவம் இல்லை என்றது உண்மை. ஆனால் அது மணமாகாதவர்களை மட்டும் கொண்ட கணக்கு. மணமானவர்களையும் சேர்த்து 18–39 வயதினரைக் கணக்கிட்டபோது, 2015இல் ஆண்களில் 25.8, பெண்களில் 24.6 சதவீதம்தான். 1992இல் அது 20.0, 21.7. மெல்ல உயர்ந்திருக்கிறது, பாதி நாடு துறவு பூணவில்லை. வகுக்கும் எண் மாறினால் தலைப்புச் செய்தியே மாறிவிடும்.

இந்த மறுகணக்கீட்டில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. அனுபவம் இல்லாத ஆண்கள் குறைந்த வருமானக்காரர்களிலும் நிரந்தர வேலை இல்லாதவர்களிலும் மிக அதிகம். டோக்கியோவில் கணினி கண்டுபிடித்த இந்த உண்மை, நம்மூர்த் தரகருக்கு எப்போதோ தெரியும். அவர் ஜாதகக் கட்டைப் பிரிக்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, ‘தம்பி என்ன வேலை பார்க்கிறாரு?’ கவர்ன்மென்ட் வேலை என்றால் ஒரு அடுக்கு. சிங்கப்பூர், வளைகுடா என்றால் ஒரு அடுக்கு. சொந்த நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார் என்றால், ‘பார்க்கலாங்க’ என்ற இழுவை. பிறகு சாதி, பிறகு பத்துப் பொருத்தம், பிறகு செவ்வாய் தோஷம். ஒவ்வொரு சல்லடையிலும் சிலர் கீழே நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் அனுபவமின்மையின் கோடு ஏறுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் உறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 1991இல் 54.1 சதவீதம்; 2019இல் 38.4. அதோடு, 18–24 வயது ஆண்களில் கடந்த ஓராண்டில் உறவே இல்லை என்றவர்கள் 2000–2002இல் 18.9 சதவீதம், 2016–2018இல் 30.9. இரண்டும் ஒன்றல்ல, பின்னது அனுபவமே இல்லாதவர்களையும், இடையில் தனித்துப் போனவர்களையும் சேர்த்து எண்ணுகிறது.

வாழ்நாள் முழுதும் அனுபவம் இல்லாதவர்கள் எவ்வளவு? பிரிட்டனில் நடுவயதையும் முதுமையையும் எட்டிய சுமார் 4 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2025இல் வந்தது. ஏறத்தாழ ஒரு சதவீதம் பேர்தான். விருப்பத்தால் அப்படி வாழ்பவர், ஈர்ப்பே தோன்றாதவர், வாய்ப்பு அமையாதவர் எல்லோரும் அந்த ஒன்றுக்குள் அடக்கம். அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி நம்மை நேராக அரியலூருக்குக் கொண்டுவருகிறது: பெண்கள் குறைவாக உள்ள வட்டாரங்களில் இத்தகைய ஆண்கள் கூடுதல்.

அரியலூரின் 897

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூரின் மொத்தப் பாலின விகிதம், ஆயிரம் ஆண்களுக்கு 1015 பெண்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள். தமிழகத்தில் கடலூரை அடுத்து மிகக் குறைந்த எண் அதுதான். பெரம்பலூரில் 913. மாநிலச் சராசரி 943. இயற்கையாகப் பிறப்பு நடந்தால் 950ஐ ஒட்டி இருக்க வேண்டும். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்ட பிறகும் கிடைத்த எண்கள் இவை.

இதோடு இன்னொரு கணக்கையும் கூட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2019–21 ஆய்விலேயே 1.8 ஆகக் குறைந்துவிட்டன. ஆண்டுக்கு ஆண்டு பிறப்பு குறையும் ஊரில், மாப்பிள்ளை தன்னைவிட ஐந்து வயது இளைய பெண்ணைத் தேடினால் அவர் தேடுவது தன்னுடையதைவிடச் சிறிய கூட்டத்தில். ஒரு பேச்சுக்கு, பிறப்பு ஆண்டுக்கு 2 சதவீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 10 சதவீதம் சுருங்கிவிடும். 897ஐ அந்த அளவுக்குச் சுருக்கினால் ஆயிரம் மாப்பிள்ளைகளுக்குச் சுமார் 810 பெண்கள். பெண் வெளியூரில் கிடைக்கலாம், வயது வித்தியாசம் குறையலாம், சாதி வேலி தாண்டப்படலாம். அப்போது இந்த எண் தளரும். இவை எதுவும் நடக்காவிட்டால் மீதிப்பேர் வரிசையிலேயே நிற்பார்கள்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களில் பாறை அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். கடல் இருந்த காலத்துச் சிப்பிகளும் நத்தைகளும் அதில் புதைந்து கிடக்கும். ஓர் அடுக்கு படிந்துவிட்டால் பிறகு யாரும் அதை மாற்ற முடியாது. மேலே மண் விலகும்போது அப்படியே வெளிப்படும். மக்கள்தொகையும் அப்படித்தான். 2011இல் ஆறு வயதுக்குள் இருந்தவர்கள் 2035இல் 24 முதல் 30 வயதுக்காரர்கள். கல்யாணச் சந்தையின் நடுவில் நிற்பார்கள்.

இதையெல்லாம் பொதுவில் பேசுவது நமக்கு எளிதாக இருந்ததில்லை. 2005இல் ஒரு வார இதழின் பாலியல் கருத்துக்கணிப்பை ஒட்டி, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காக மாநிலமெங்கும் அவர்மீது புகார்கள் குவிந்தன. அவற்றை 2010 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம்தான் ரத்து செய்தது. கருத்துக்கே ஐந்து வருட வழக்கு என்றால், திண்ணையில் மாமியார் பக்கத்தில் இருக்கும் பெண் ‘கல்யாணத்தப்பதான்’ என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்?

2035இல் ஓர் ஆய்வாளர் அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் பக்கத்து வீடொன்றில் முப்பது வயது ஆணிடம் அதே கேள்வியைக் கேட்பார் என்று வைத்துக்கொள்வோம். அவன் தயங்கி ‘இன்னும் இல்லைங்க’ என்பான். படிவத்தில் அது அவனுடைய பதிலாகத்தான் பதிவாகும். அதில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஏதோ ஒரு ஊரின் ஸ்கேன் அறையில், வேறு யாரோ அவனுக்காகச் சொல்லியிருப்பார்கள்.